பதில் வராத முப்பத்தெட்டு நாள்

மார்ச் 7, வெள்ளி

தபால்காரா,

அக்காதான் எழுதுகிறேன். லேபின் மெயிலை நீ பார்த்துக்கொண்டதால் நான் வைத்த பெயர், கோபத்திலும் அதுதான் வாயில் வருகிறது. உறையில் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நேற்று, நீ ஜனவரியில் லேபை விட்டுப் போய்ச் சேர்ந்த சர்வே முகாமுக்கு ஃபோன் போட்டேன். நீ வந்து எடுத்தாய், என் குரலைக் கேட்டாய், வைத்துவிட்டாய். மெயில் போடலாம் என்றால், நம் மெயில் போகிறதா வருகிறதா என்று எனக்கே தெரியாது. அதனால் பேப்பர். ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால். உன் கையெழுத்து போட்ட அட்டை திரும்பி வந்தால்தான் நீ படித்தாய் என்று நம்புவேன். இனி எதையும் சும்மா நம்புவதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வரிசைத் தையல்காரம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். நம் லேபில் அவருடைய கட்டியின் ஸ்லைடை நான்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஜனவரி இருபத்தேழாம் தேதி ரிப்போர்ட் எழுதி, வழக்கம்போல நீ கட்டிவைத்த மெயில் சர்வர் வழியாக சர்ஜனுக்கு மெயிலில் அனுப்பினேன். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்குத் திரும்பியும் வரவில்லை. முப்பத்தெட்டு நாள் அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேள். நேற்று புதுக் கோட்டுக்கு அளவெடுக்க லேபுக்கு வந்தார். அளவு நாடாவை என் தோளில் போட்டவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். "கையைத் தூக்கினா இழுத்துப் பிடிக்குது டாக்டரம்மா" என்றார். நான் ஆறுதலாகப் பேசுவதாக நினைத்து, "ஆபரேஷன் எப்பன்னு சர்ஜன் சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஆபரேஷன்?" என்றார்.

ரிப்போர்ட் டாக்டருக்கு மட்டும்தான் போகும், நோயாளியிடம் லேப் வாயைத் திறக்கக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். உனக்குத் தெரியும். அதனால் இந்த முப்பத்தெட்டு நாளும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவர் எதிரே இருந்து கையசைப்பார், நான் சிரிப்பேன். விஷயம் தெரிந்தும் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா சிரிக்கிறார், அப்படியானால் ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். சர்ஜனின் கிளினிக்கில் அவரிடம், "ரிப்போர்ட் வந்தா நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூப்பிடவில்லை. என் சிரிப்பை நம்பித்தான் அவர் நிம்மதியாக இருந்தார்.

நானும் டைப்பிஸ்ட் அம்மாவும் நேற்றிலிருந்து எல்லா டாக்டர்களுக்கும் ஃபோன் போட்டுவிட்டோம். இன்னும் பதினான்கு ரிப்போர்ட்டுகள் போகவில்லை. பதினான்கிலும் பயப்பட ஒன்றும் இல்லை, அது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. இப்போது டைப்பிஸ்ட் அம்மா ரிப்போர்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.

சர்ஜன், "உங்க லேப் அனுப்பவே இல்ல" என்று சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதிவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி விசாரணை. அனுப்பினோம் என்பதற்கு உன் சர்வர் பெட்டிக்குள் சாட்சி இருக்குமா? அதை எப்படித் திறப்பது?

கிளம்பும்போது என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நான் இல்லாம ஒரு மாசம் ஓட்டிப் பாரு." ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 11, செவ்வாய்

அக்காவுக்கு,

அட்டையில் கையெழுத்துப் போட்டு லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இங்கே லாரி செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். அது கிளம்புவதற்குள் இதை எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் தையல்காரம்மாவைப் பற்றி எழுது. ஆபரேஷன் ஆயிற்றா? என் கோட்டில் ஸ்க்ரூடிரைவர் வைக்கத் தனிப் பை வைத்துத் தைத்தவர் அவர். கேட்காமலேயே தைத்தார். உன் கடிதத்தில் அந்த இடத்தை இரண்டு தரம் படித்தேன், மூன்றாம் தரம் முடியவில்லை.

அடுத்தது. என் சர்வர் மெயிலைத் தொலைக்காது. போகவில்லை என்றால், போகவில்லை என்று உன்னிடமே திரும்பி வந்து சொல்லும். எதுவும் திரும்பவில்லை என்றால் சர்ஜன் பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். சர்ஜன் யாருடைய மெயில் வைத்திருக்கிறார்? நீ ஜனவரியில் மாறத் துடித்தாயே, அதே மாதிரி, மாதக் காசுக்கு மெயில் நடத்தித் தரும் ஒரு வாடகைக் கம்பெனி. வாசலில் வாங்கிக்கொள்வான், குப்பைக் கூடையில் போடுவான், அனுப்பியவனுக்கும் சொல்லமாட்டான், வரவேண்டியவனுக்கும் சொல்லமாட்டான். முப்பது நாளில் கூடையைத் தானே காலி செய்துவிடுவான். இப்போது போய்த் தேடினால் சர்ஜனுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. கேள், அப்படித்தான் சொல்வார்.

நோயாளியின் பெயரும் நோயும் ஊர் பேர் தெரியாத ஒருவனுடைய மிஷினில் கிடக்கக் கூடாது என்றுதான் ஆறு வருஷம் அந்தப் பெட்டியைக் கட்டி மேய்த்தேன். மாடிப்படிக்கு அடியில், உன் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டேன். நீ என் முதுகுக்குப் பின்னால் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாய். நான் உள்ளே வந்தபோது அவன் என் நாற்காலியில் இருந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த நாலாம் நாளே உனக்கு மெயில் எழுதினேன். நீ ஒரு வரி பதில் போடவில்லை. எட்டு வாரம் ஆகிறது. வேலை என்று வந்ததும்தான் தபால்காரன் ஞாபகம் வந்ததாக்கும்.

தம்பி


மார்ச் 15, சனி

தபால்காரா,

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் ஆயிற்று. அக்குளில் எடுத்த பதினொரு நிணநீர்க் கணுக்களில் நாலில் நோய் இருக்கிறது. ஸ்லைடை நான் பார்க்கவில்லை, சர்ஜன் வேறு லேபுக்கு அனுப்பினார். அது நியாயம்தான். ஜனவரியிலேயே ஆபரேஷன் நடந்திருந்தால் நாலா, ஒன்றா, ஒன்றுமே இல்லையா? யாராலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷம் ஸ்லைடு பார்த்தவள் நான். எனக்கும் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள், புண் ஆறின பிறகு.

அவருடைய கடை மூடிக் கிடக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எதிரே பார்க்காமல் தூக்குகிறேன்.

உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வாங்கினவங்க குப்பையில போட்டாங்கன்னே வெச்சுக்குவோம். ஏன் நம்ம மெயிலை மட்டும் போட்டாங்க?" உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆறு வருஷம் போன மெயில் நீ போனதும் ஏன் நின்றது?

சொந்த வீடு, வாடகை வீடு என்று நீ எப்போதும் பேசுவாய். சரி, சொந்த வீடுதான். ஆனால் அதில் எந்த சுவிட்ச் எதற்கு என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் மூன்று வருஷமாகக் கேட்டேன், எழுதி வை, எனக்கோ டைப்பிஸ்ட் அம்மாவுக்கோ சொல்லிக்கொடு என்று. "உனக்குப் புரியாது அக்கா." எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? அந்தக் கம்பெனி ஆளிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, மெயில் நின்றுபோனால் யாருக்கு ஃபோன் செய்வது என்றுதான். ஒரு நம்பர் கொடுத்தான். நீ ஒரு நம்பர் கொடுத்தாயா?

என் பக்கத்துத் தப்பையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நீ போன மறுவாரமே நான் கம்பெனிக்கு மாறியிருக்கலாம். லேபின் இணையப் பெயர் உன் பெயரில் பதிவாகியிருக்கிறது, உன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உன்னிடம் போய் நிற்பதா என்று விட்டுவிட்டேன். அவனே இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த வீம்பு நடந்த நாட்களில்தான் தையல்காரம்மாவின் ரிப்போர்ட் எங்கேயோ கிடந்திருக்கிறது.

நாலாம் நாள் எழுதினேன் என்கிறாயே, எனக்கு எதுவும் வரவில்லை. தினமும் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தினமும் பார்த்தேன். இந்த நேரத்தில் பொய் சொல்லாதே.

பெட்டியை எப்படித் திறப்பது? தயவுசெய்து எழுது.

அக்கா


மார்ச் 18, செவ்வாய்

அக்கா,

நான் பொய் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் டைப்பிஸ்ட் அம்மாவின் கேள்வி.

இணையத்தில் நம் சர்வருக்கு ஒரு எண் இருக்கிறது. நமக்கு அடுத்த எண்களில் எவனோ உட்கார்ந்து குப்பை மெயில் அனுப்புகிறான். அவனைத் தடுக்கப் போடும் கறுப்புப் பட்டியலில் அந்தத் தெருவையே சேர்த்துவிடுகிறார்கள். நம் எண்ணும் அதில் மாட்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் மாட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேபுக்குப் போய் உட்காருவேனே, ஓய்வுநாளில் உனக்கு என்னடா வேலை என்று திட்டுவாயே, அதற்குத்தான். பட்டியலைப் பார்த்து, எழுதிப் போட்டு, மன்றாடி, நம் எண்ணை எடுக்கவைப்பேன். இரண்டு வருஷமாக நடக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப வாடகைக்கே போயிடலாம்"னு சொல்லுவாய் என்று பயந்தேன்.

நான் போன பிறகு எந்த ஞாயிறும் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் குப்பைக் கூடை. "போய்ச் சேர்ந்தது" என்று உன்னிடம் எகிறிக் குதித்தேனே, எனக்கு அப்போதே உள்ளுக்குள் தெரியும்.

இப்போது பெட்டி. திரையை எழுப்பினால் பாஸ்வேர்ட் கேட்கும். உன்னுடைய பழைய மைக்ராஸ்கோப்பின் அடியில் பொறித்திருக்கும் வரிசை எண்தான் பாஸ்வேர்ட். அனுப்பிய மெயில் ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கும். இடதுபக்கம் "குறிப்பேடு" என்று நான் பெயர் வைத்திருப்பதைத் திற, ஜனவரி 27ஐத் தேடு. வரிக் கடைசியில் 250 என்ற எண் இருந்தால், சர்ஜன் பக்கத்து மிஷின் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அச்செடுத்து விசாரணைக்குக் கொண்டு போ. அனுப்பவே இல்லை என்று எவனும் சொல்ல முடியாது.

லாரி ஹாரன் அடிக்கிறது. இன்னும் ஒன்று.

உனக்கு நான் எழுதிய மெயிலை இந்த முகாமின் முகவரியிலிருந்து அனுப்பினேன். நம் சர்வருக்கு அது தெரியாத முகவரி. தெரியாத இடத்திலிருந்து வரும் மெயிலில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அதை உன் கண்ணில் காட்டாமல் தனியே எடுத்து வைக்கும்படி நான்தான் செய்துவைத்தேன். "சந்தேகம்" என்று ஒரு போல்டர். தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன், நல்லதை எடுத்து உங்களுக்குத் தள்ளிவிடுவேன்.

இப்போது அதை யார் பார்க்கிறார்கள்?

தம்பி


மார்ச் 21, வெள்ளி

தம்பி,

திறந்தேன்.

250 இருக்கிறது. ஜனவரி 27, காலை 11.42. சர்ஜன் பக்கத்தில் வாங்கியிருக்கிறார்கள். அச்செடுத்துவிட்டேன்.

பிறகு அந்தப் போல்டர். நானூற்றுப் பன்னிரண்டு மெயில்கள். டைப்பிஸ்ட் அம்மா பக்கத்தில் நின்றார். லாட்டரி, மாத்திரை, லாட்டரி, மாத்திரை என்று தள்ளிக்கொண்டே வந்தோம். நடுவில் ஒரு பெண்ணின் பெயர். சர்ஜனின் வரவேற்பு மேசையில் இருந்தவள். கிளினிக் முகவரியிலிருந்து எழுதாமல் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரி 3: "மேடம், தையல் கடை அம்மாவோட ரிப்போர்ட் இன்னும் எங்களுக்கு வரல. தயவுசெஞ்சு மறுபடி அனுப்புங்க."

பிப்ரவரி 10: "மேடம், போன வாரம் எழுதியிருந்தேன். டாக்டர் கேக்குறார்."

பிப்ரவரி 14: "மேடம், இன்னியோட நான் வேலைய விட்டுப் போறேன், பிரசவத்துக்கு. இந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் மனசுல உறுத்திட்டே இருக்கு. கொஞ்சம் பாத்து அனுப்பிடுங்க."

மூன்று தரம் கேட்டிருக்கிறாள். நிறைமாதக் கர்ப்பிணிக்கு உறுத்தியிருக்கிறது. அவள் முதலில் எழுதியது கையில் கிடைத்திருந்தால் ஏழே நாளில் தெரிந்திருக்கும். பிப்ரவரி 3, தம்பி. முப்பத்தெட்டு நாள் ஏழு நாளாகியிருக்கும்.

டைப்பிஸ்ட் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உன் மெயிலும் இருந்தது. ஜனவரி 16. "அக்கா, நான் சொன்னது தப்பு, நாற்காலியைத் தள்ளிவிட்டது அதைவிடத் தப்பு. கோபம் தணிந்ததும் எழுது. அதுவரைக்கும் ஞாயிறுதோறும் கறுப்புப் பட்டியலைப் பார்க்கணும், தினமும் 'சந்தேகம்' போல்டரைப் பார்க்கணும், எப்படின்னு கீழே எழுதியிருக்கேன், அவசரம்." 'பாஸ்வேர்ட்', 'அவசரம்' என்ற சொற்கள் இருந்ததால் உன் சர்வர் உன்னையே திருடன் என்று நினைத்திருக்கிறது. எல்லாமே அதில் இருக்கிறது. நான் மூன்று வருஷமாகக் கேட்ட எல்லாமே.

இரண்டு தரம் படித்தேன். அழுதேன். உனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

அந்த 250ஐ எடுத்துக்கொண்டு போய், "நான் அனுப்பிட்டேன்"னு எப்படி நிற்பேன்?

அக்கா


மார்ச் 25, செவ்வாய்

அக்கா,

சொல்வதைக் கேள். யோசிக்காதே, கேள்.

அந்தப் போல்டரை அழித்துவிடு. முழுசாக. வலதுபக்க மேல் மூலையில் பொத்தான் இருக்கிறது. அந்தப் பெண் சொந்த முகவரியிலிருந்து எழுதியிருக்கிறாள், வேலையை விட்டுப் போய்விட்டாள். சர்ஜனுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் புகாரில் எழுதியிருப்பார். தெரிந்தவர்கள் நீ, நான், டைப்பிஸ்ட் அம்மா. அந்த அம்மா சொல்லமாட்டார்.

குறிப்பேட்டு வரி மட்டும் போதும். நீ அனுப்பினாய், அவர்கள் வாங்கினார்கள், தொலைத்தார்கள். அது உண்மைதானே? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. போல்டரைக் காட்டினால் லேபை மூடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அக்கா. தப்பு உன்னுடையது என்றால்கூடப் பரவாயில்லை. போல்டர் என்னுடையது. என் தப்புக்கு நீ ஏன் லேபை இழக்க வேண்டும்? அழித்தால் தையல்காரம்மாவுக்கு ஒரு கணு கூடப் போகிறதா? காட்டினால் ஒன்று குறையப் போகிறதா?

விசாரணை முடியும்வரை எதிர்ப்பக்கம் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


அதே நாள், மதியம்

அக்கா,

காலையில் எழுதியதை லாரியில் கொடுத்துவிட்டேன். லாரி மேட்டைத் தாண்டுவதற்குள் ஓடினேன். டிரைவர் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து முகாமில் ஃபோனும் இல்லை, நெட்டும் இல்லை. சாப்பிடாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், இது வெள்ளிக்கிழமை லாரியில்தான் போகும். உனக்கு எது முதலில் கிடைக்கும் என்று தெரிந்திருந்தும் எழுதுகிறேன்.

அழிக்காதே.

ஆறு வருஷமாக நான் என்ன பேசினேன்? நோயாளியின் விஷயம் அவருக்குச் சொந்தம், அடுத்தவன் கை அதில் படக் கூடாது. அதைச் சொன்ன வாயால்தான் இன்று காலையில் அழித்துவிடு என்று எழுதினேன். அந்த மூன்று மெயில்களும் தையல்காரம்மாவின் விஷயம். அவருக்குச் சொந்தம். உனக்கோ எனக்கோ சொந்தமில்லை. வாடகைக் கம்பெனிக்காரன் என்னென்ன செய்வான் என்று பயந்தேனோ, அதையெல்லாம் நானே செய்துவிட்டேன். எனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இத்துடன் இரண்டு தாள். ஒன்று, இணையப் பெயரை உன் பெயருக்கு மாற்றச் சம்மதித்து நான் போட்ட கையெழுத்து. எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் மாறிக்கொள். இன்னொன்று விசாரணைக்கு: போல்டரை அமைத்தது நான், யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் கிளம்பியது நான் என்று எழுதியிருக்கிறேன்.

நீ ஏற்கெனவே அழித்திருந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்று அடியில் சேர்த்திருக்கிறேன். கடவுளே, அழித்திருக்காதே.

தம்பி


ஏப்ரல் 2, புதன்

தம்பி,

உன் இரண்டாம் கடிதம் திங்கட்கிழமை நான் விசாரணைக்குக் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மா வாங்கி வைத்திருந்தார். அதனால் முதல் கடிதம் மட்டும்தான் என்னிடம் இருந்தது. மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை அது கிடைத்தது. நேராக மாடிப்படிக்கு அடியில் போனேன். மூலைப் பொத்தானைக் கண்டுபிடித்தேன். அழுத்தினேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்டது. நீதான் அப்படிக் கேட்கும்படி செய்திருப்பாய், நல்லவேளை. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. ஃப்ரிட்ஜும் பெட்டியும் இரைந்துகொண்டிருந்தன. "வேண்டாம்" என்பதை அழுத்தினேன். பெரிய மனசு என்று நினைக்காதே. சனிக்கிழமை வரைக்கும் தினமும் போய் அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மெயில்களையும் என் ஜனவரி ரிப்போர்ட்டையும் அச்செடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. கட்டிலில் சாய்ந்து பொத்தான் டப்பாவை மடியில் வைத்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தார், ஒரு கையாலேயே. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும். சர்வர், போல்டர், நீ, நான், வீம்பு.

முழுசும் கேட்டார். பிறகு, "இந்த மிஷின் விஷயமெல்லாம் எனக்குப் புரியல டாக்டரம்மா. தம்பி மேலயும் எனக்குக் கோபமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"தினமும் எதிர்ல நின்னு பாத்தோமே. நீங்க அங்க, நான் இங்க. உங்களுக்கு விஷயம் தெரியும். 'எப்படி இருக்கீங்க, டாக்டர் என்ன சொன்னார்'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அதுக்கு எந்த மிஷின் வேணும்?"

பதில் இருந்தால் நீ எழுது. லேப் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் சட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டுப் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு வேண்டியிருந்தது.

கிளம்பும்போது காகிதங்களைத் திருப்பித் தரவில்லை. "இது என்னோடது" என்று அளவு நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விசாரணையில் 250ஐயும் கொடுத்தேன், போல்டரையும் கொடுத்தேன். சர்ஜன் அந்தப் பெண்ணின் மெயில்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும். ஆறு மாதம் லேப் புது ஸ்லைடு எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. இன்று ஷட்டரைப் பாதிதான் தூக்கினேன்.

நேற்று கம்பெனி மெயிலுக்கு மாறிவிட்டேன். உன் கையெழுத்து போதுமாக இருந்தது. நீ ஜெயித்தாயா நான் ஜெயித்தேனா என்று கேட்காதே. அவர்களும் ஒருநாள் எதையாவது குப்பைக் கூடையில் போடுவார்கள், எனக்குத் தெரியும். என்றாவது லேப் திறந்தால், மெயில் யாருடையதாக இருந்தாலும், அனுப்பிய மறுநாள் ஃபோன் போட்டு "கிடைச்சுதா?" என்று கேட்பதாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ரிப்போர்ட்டின் ஒரு பிரதி நோயாளியின் கையில். அந்தச் சட்டத்தைக் கிழித்துவிட்டேன். உன் பெட்டியை அணைத்தேன். அதன் சத்தம் நின்றதும் மாடிப்படிக்கு அடியில் என்னவோ போலிருந்தது.

தையல்காரம்மா நேற்று டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அவருக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பரவியிருக்கிறதா இல்லையா என்று பத்தாம் தேதி வியாழக்கிழமை ரிப்போர்ட் வரும். அதை சர்ஜனோ வேறு யாரோ சொல்லக் கூடாதாம். "டாக்டரம்மா வரணும். என் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டணும். நல்லதோ கெட்டதோ அவங்க வாயாலதான் கேப்பேன்." மன்னிப்பா தண்டனையா என்று புரியவில்லை. போகத்தான் வேண்டும்.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட ஒருவர் முகத்தைப் பார்த்துப் படித்ததில்லை.

அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


(ஒப்புதல் அட்டை. "பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சுவரிக்குக் கீழே, பேனாவில்)

ஏப்ரல் 4. கிடைத்தது. படித்தேன். செவ்வாய் லாரியில் ஏறுகிறேன், புதன் அங்கே இருப்பேன். வியாழக்கிழமை சாலையைத் தனியாகக் கடக்காதே. நானும் அவர் முன்னால் உட்கார வேண்டும்.